எந்த மலைச்சரிவில் உட்காருவது? தாழப் பறக்கும் போர் விமானங்களைப் படமெடுக்கச் செல்வோருக்கு ஓர் ஒப்பீடு

போர் விமானத்தை அண்ணாந்து படமெடுப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதன் அடிவயிறும் வெளிறிய வானமும்தான். மலைச்சரிவில் ஏறி உட்கார்ந்தவருக்கோ, அதே விமானம் கண்மட்டத்திலோ அதற்கும் கீழேயோ கடந்து போகிறது; விமானியின் தலைக்கவசம் தெரிகிறது, பின்னணியில் வானத்துக்குப் பதிலாகப் பாறையும் புல்லும் ஏரியும் வருகின்றன. பிரிட்டனில் வேகமான போர் விமானங்கள் பயிற்சியின்போது வழக்கமாகத் தரையிலிருந்து 250 அடி, அதாவது ஏறத்தாழ 76 மீட்டர் வரை இறங்கலாம். பள்ளத்தாக்கின் நடுவே அந்த உயரத்தில் வரும் விமானத்தை, சரிவில் 150 மீட்டர் ஏறி உட்கார்ந்தவர் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படி ஒரு படத்துக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர் முடிவு செய்ய வேண்டிய முதல் கேள்வி, எந்த மலைக்குப் போவது என்பது. வழக்கமாக இந்தக் கேள்விக்கு, எங்கே மிக அழகான படம் கிடைத்திருக்கிறது என்று தேடிப் பார்த்து விடை காண்கிறார்கள். நான் வேறு அளவுகோலை வைக்கிறேன்: வானிலை கைவிட்டால் ஒரு நாளை இழக்க எவ்வளவு செலவாகும் என்பதே அது. இந்த மலைகளில் நாட்கள் வீணாவது நிச்சயம் என்பதால், எந்த இடம் நம்மை மலிவாகத் தோற்க விடுகிறதோ அந்த இடமே கடைசியில் படத்தையும் தருகிறது.

வானிலையை நம்பிப் போகக்கூடிய இடம் ஒன்று முன்பு இருந்தது. கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், ஃபாதர் குரௌலி பார்வைமுனைக்குக் கீழே கிடக்கும் ரெயின்போ கேன்யன் அது. பாலைவன வெயிலும் வறண்ட காற்றும் அங்கே அநேகமாக உறுதி. 2019 ஜூலை 31 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18 விமானம் ஒன்று அந்தப் பள்ளத்தின் சுவரில் மோதியது. விமானி இறந்தார், பார்வைமுனையில் நின்ற ஏழு சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தனர். அதன் பிறகு விமானங்கள் பள்ளத்தின் விளிம்புக்கு மேல் 1,500 அடிக்குக் குறையாமல் பறக்க வேண்டும் என்றாகிவிட்டதால், பழைய படங்களைப் பார்த்துவிட்டு இன்று அங்கே போவதில் பொருளில்லை.

அடுத்தது சுவிட்சர்லாந்தின் ஆக்ஸால்ப். பிரியன்ஸ் ஏரிக்கு மேலே, எபன்ஃப்ளூ என்னும் மலைப்பகுதியில் சுவிஸ் விமானப்படை அக்டோபர் மாதத்தில் நடத்தும் துப்பாக்கிச்சூட்டுக் காட்சி உலகம் முழுவதிலிருந்தும் படமெடுப்பவர்களை இழுக்கிறது. எஃப்/ஏ-18 ஹார்னெட்டும் எஃப்-5 டைகரும் மலை முகட்டைத் தாண்டி வந்து, பாறைச் சரிவில் நட்ட இலக்குகளை 20 மி.மீ. பீரங்கியால் சுட்டுவிட்டு, பார்வையாளர்களுக்குச் சற்றுத் தள்ளி உடலைச் சாய்த்துத் திரும்பும். ஏவுகணைகளை ஏமாற்றும் எரிசுடர்களான வெப்பத் திசைதிருப்பிகளை உதிர்த்துக்கொண்டு பனிமூடிய சிகரங்களுக்கு முன்னால் அவை திரும்பும் காட்சிக்கு இணையான ஒன்றை வேல்ஸிலோ வடமேற்கு இங்கிலாந்திலோ எதிர்பார்க்க முடியாது. படத்தின் அழகு மட்டுமே அளவுகோல் என்றால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் ஆக்ஸால்பில் தோல்வியின் விலை அதிகம். எல்லா ஆண்டும் நடப்பதில்லை. நடக்கும் ஆண்டிலும் ஒத்திகையும் காட்சியுமாகச் சில நாட்கள்தான். விமானச் சீட்டையும் தங்குமிடத்தையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஆக்ஸால்ப் கிராமத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலுள்ள பார்வையிடங்களுக்கு, கருவிப் பையைச் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். இத்தனையும் செய்த பிறகு முகடு மூடுபனிக்குள் போய்விட்டால் விமானங்கள் வரா. மாற்று நாள் என்று ஒன்று கிடையாது. ஆல்ப்ஸின் இலையுதிர் காலத்துக்கு ஒரு கருணையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது: சில காலைகளில் மேகம் பள்ளத்தாக்கில் கடல்போலப் படுத்துக் கிடக்க, மேலே ஏறியவருக்கு மட்டும் வெயில் அடிக்கும். பிரியன்ஸ் ரயில் நிலையத்தில் நின்று சாம்பல் வானத்தைப் பார்த்துவிட்டு நாள் போயிற்று என்று திரும்பியவர்கள் பின்னர் வருந்த நேர்ந்தால் அது இதனால்தான். ஆக்ஸால்பை வாழ்நாளில் ஒருமுறை போகும் இடமாக, படம் கிடைக்காவிட்டாலும் மலையேறிய மகிழ்ச்சி போதும் என்ற மனநிலையுடன் திட்டமிடலாம். மூன்று நான்கு நாள் விடுப்பில் ஒரு நல்ல படமாவது வேண்டும் என்பவர் அதை நம்பிப் போகக் கூடாது.

ஆக, உண்மையான போட்டி பிரிட்டனுக்குள்ளேயே இருக்கிறது: வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டமா, வேல்ஸின் மாக் லூப் என்னும் பள்ளத்தாக்கு வளையமா?

ஏரி மாவட்டத்தின் கவர்ச்சி அதன் பெயரிலேயே உள்ளது. விமானத்துக்கு அடியில் தண்ணீர் பளபளக்க, எதிர்க்கரையில் காடு இருண்டு நிற்க, நடுவே டைஃபூன் போர் விமானம் ஒன்று சாய்ந்து வருவதுபோன்ற படத்தை மாக் லூப்பில் எடுப்பது அரிது. கடினமும் அந்த நில அமைப்பிலேயே இருக்கிறது. அங்குள்ள பள்ளத்தாக்குகள் நடுமலையிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போலப் பிரிந்து செல்வதால், விமானம் வந்தாலும் நாம் உட்கார்ந்த பள்ளத்தாக்கில்தான் வரும் என்று சொல்ல முடியாது. தேர்ல்மியர் பக்கம் காத்திருப்பவர், அடுத்த முகட்டுக்கு அப்பால் உல்ஸ்வாட்டர் பக்கமாக இரைச்சல் உருண்டு போவதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரலாம். ஏற்றமும் அதிகம். சாலை 238 மீட்டரில் கடக்கும் டன்மெயில் ரெய்ஸ் கணவாயிலிருந்து 553 மீட்டர் உயரமுள்ள ஸ்டீல் ஃபெல் உச்சிக்கு ஏறுவதென்றால் முந்நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம். மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: பாரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வெய்ட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிக அதிக மழை பெறுவது, ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கும் மேல். ஒரு மணி நேரம் ஏறிய பிறகு மேகம் இறங்கினால், கீழே வந்து வேறு பள்ளத்தாக்குக்குக் காரில் போய் மறுபடி ஏறுவதற்குள் நாளின் பாதி தீர்ந்துவிடும்.

மாக் லூப் அப்படியல்ல. ஸ்னோடோனியா தேசியப் பூங்காவின் தென்பகுதியில், வடக்கே டோல்கெத்லைக்கும் தெற்கே மகன்லெத்துக்கும் இடையில் வளையமாக இணையும் பள்ளத்தாக்குகளுக்கு, மகன்லெத் என்ற ஊர்ப்பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது. ஒலியின் வேகத்தைக் குறிக்கும் மாக் எண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. விமானங்கள் வழக்கமாக இந்த வளையத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கடக்கின்றன: கிழக்கே டினாஸ் மௌத்வியின் பக்கமிருந்து ஏறி வந்து பூல்க் கணவாயைத் தாண்டி, கிராஸ் ஃபாக்ஸஸ் சந்திப்புக்கு அருகே இடப்புறம் திரும்பி, காடைர் இட்ரிஸ் மலையின் காலடியிலுள்ள இடுக்கு வழியே டால்-இ-லின் ஏரியை நோக்கி இறங்கி, காரிஸ் அருகே மறுபடியும் இடப்புறம் திரும்புகின்றன. பாதை குறுகியது, திசை ஏறத்தாழத் தெரிந்தது, நல்ல சரிவுகள் சாலையோரத்திலேயே இருக்கின்றன. இதுவே என் அளவுகோலில் இந்த இடத்தை முன்னே நிறுத்துகிறது. மகன்லெத் வரை ரயில் உண்டு என்றாலும், கார் இல்லாமல் போனால் சரிவு மாற்றும் வசதி பறிபோய் இந்தச் சிறப்பில் பாதி குறைந்துவிடும்.

வளையத்துக்குள்ளும் தேர்வு உண்டு. உண்மையில் படம் கிடைப்பதும் கிடைக்காததும் இங்கேதான் முடிவாகிறது. காடைர் இட்ரிஸ் இடுக்கின் இரு சரிவுகளையும் கேட் ஈஸ்ட், கேட் வெஸ்ட் என்றும், கிழக்கேயுள்ள கணவாயைப் பூல்க் என்றும் படமெடுப்பவர்கள் அழைக்கிறார்கள்; இந்த மூன்று இடங்களை மட்டும் ஒப்பிடுகிறேன்.

கேட் ஈஸ்ட் சோம்பேறிகளின் இடம் என்று சிலர் கேலி செய்வதுண்டு. ஏ487 சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் படமெடுக்கக்கூடிய உயரத்தை அடைந்துவிடலாம். நான் அந்தக் கேலியைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். மழை வந்தால் வண்டிக்கு இறங்கி, உடை மாற்றி, தேநீர் குடித்து, வானம் வெளுத்ததும் மறுபடி ஏறுவது இங்கே நடக்கக்கூடிய காரியம். கேட் வெஸ்டுக்கான ஏற்றம் இதைவிட நீண்டது, செங்குத்தானது. கனமான பையுடன் அரைமணி நேரம் மூச்சிரைக்க ஏறியவர், வேர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்து நடுங்குவதுதான் அங்கே வழக்கமான தவறு. அங்கே உட்கார்ந்தால் விமானம் இன்னும் நெருக்கமாகத் தெரியும் என்பதால் பழகியவர்கள் அதையே விரும்புகிறார்கள். நாள் முழுதும் தெளிவாக இருக்கும் என்று முன்னறிவிப்பு சொல்லும்போது நானும் அதையே தேர்ந்தெடுப்பேன். விட்டு விட்டு மழை பெய்யும் நாளில், கேட் வெஸ்டில் ஏறியவர் இறங்க மனமின்றி நனைந்துகொண்டே இருப்பார். ஏறிய உழைப்பே அவரைக் கட்டிப்போட்டுவிடும்.

பூல்க் வேறு வகை. அதன் முழுப்பெயரான பூல்க் ஓய்ர்த்ரூஸ் என்பதற்கு வெல்ஷ் மொழியில் குளிர்ந்த வாசலின் கணவாய் என்று பொருள். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. ஏ470 சாலை அங்கே சுமார் 360 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. சாலையே உயரத்தில் இருப்பதால் ஏற்றம் குறைவு. விமானம் கணவாயின் வாயைத் தாண்டும் தருணத்தில் மிக அருகே வருகிறது. அந்த உயரமே அதன் பலவீனமும்கூட. மேகம் தாழ்ந்தால் முதலில் மூடப்படுவது இந்த வாசல்தான். வாசல் மூடினால் விமானி அந்த வழியை விட்டுவிடுவார். எல்லா விமானங்களும் முழு வளையத்தையும் சுற்றுவதில்லை. சில, டோல்கெத்லையின் பக்கமிருந்து வந்து காடைர் இட்ரிஸ் இடுக்கை மட்டும் கடந்து போவதும் உண்டு. ஆகவே மேகம் ஊசலாடும் நாளில் பூல்க்கில் உட்காருவது ஒரு வாசலை மட்டும் நம்புவது. இடுக்கின் சரிவில் உட்காருவது அதற்கு வரும் எல்லா வழிகளையும் நம்புவது.

வெளிச்சத்தையும் சற்றுக் கணக்கில் கொள்ள வேண்டும். காடைர் இட்ரிஸ் இடுக்கு ஏறத்தாழ வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது; எனவே தென்கிழக்குப் பக்கச் சரிவில் நிற்பவருக்கு நண்பகல் வெயில் முதுகில் விழும், எதிர்ப்பக்கம் நிற்பவர் சூரியனை நோக்கியே கேமராவைத் திருப்ப நேரும். மேகமூட்டமான நாளில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். வேல்ஸில் பெரும்பாலான நாட்கள் அத்தகையவை என்பதால் இதை மூன்றாம் இடத்துக்கு மேல் நான் வைப்பதில்லை.

எங்கே உட்காருவது என்பதோடு, எந்த நாளில் போவது என்பதையும் தீர்க்க வேண்டும். தாழப் பறக்கும் பயிற்சி வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி ஞாயிறு ஏறினால் ஆடுகளைத்தான் படமெடுக்கலாம். வெள்ளி பிற்பகலை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எஃப்-15இ, எஃப்-35ஏ ஆகிய போர் விமானங்களை எதிர்பார்ப்பவர் அமெரிக்க விடுமுறை நாட்களையும் பார்க்க வேண்டும். அந்த விமானங்கள் கிழக்கு இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளத்திலிருக்கும் அமெரிக்கப் படைப்பிரிவினுடையவை.

இங்கேதான் பலர் தவறிப்போகும் ஒரு நுட்பம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் வானிலை நன்றாக இருந்தால் விமானம் வரும் என்று எண்ணுகிறார்கள். லேக்கன்ஹீத், மாக் லூப்பிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 300 கி.மீ. கிழக்கே உள்ளது, அங்கே மூடுபனி படிந்திருந்தால் வேல்ஸில் அடிக்கும் வெயிலால் பயனில்லை. ஹாக் பயிற்சி விமானங்கள் கிளம்பும் ஆங்கிள்சி தீவின் வால்லி தளமோ சுமார் 75 கி.மீ. தொலைவில்தான், கடற்கரையோரம் வானம் திறந்திருந்தால் அவை சில நிமிடங்களில் வந்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று வானிலைகள்: கிளம்பும் தளத்தில், வரும் வழியில், நாம் உட்காரும் சரிவில். தளத்தின் வானிலை அறிக்கையில் மேகத்தின் அடிமட்டம் 1,500 அடி என்றிருந்தால், வால்லி கடல்மட்டத்தையொட்டிய தளம் என்பதால் அதை ஏறத்தாழ 450 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடற்காற்று மலையில் மோதி மேலெழும்போது மேகம் இன்னும் தாழவே உருவாகும் என்பதால், அந்த எண்ணை அப்படியே நம்பி பூல்க்குக்கு ஏறக் கூடாது.

கையில் இருக்க வேண்டிய இன்னொரு கணக்கு எளிது. காற்றின் வெப்பநிலைக்கும், காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் பனிநிலைக்கும் உள்ள ஒவ்வொரு பாகை இடைவெளிக்கும் மேகத்தின் அடிமட்டம் ஏறத்தாழ 125 மீட்டர் மேலே அமையும். பள்ளத்தாக்கில் வெப்பநிலை 14 பாகை, பனிநிலை 10 பாகை என்றால் மேகம் சுமார் 500 மீட்டர் மேலே. இரண்டு பாகைதான் இடைவெளி என்றால் வெறும் 250 மீட்டர், அதாவது நாம் உட்கார நினைத்த சரிவின் தலைக்கு மேலேயே. இது நன்றாகக் கலந்த காற்றுக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு. காலை மூடுபனிக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. பிரிட்டனின் மலைப்பகுதி வானிலைச் சேவை, முகடுகள் மேகமின்றி இருக்கும் வாய்ப்பைத் தன் முன்னறிவிப்பில் தருகிறது. ஊருக்கான மழை முன்னறிவிப்பைவிட அதுவே பயன்படும்.

ஈரமான நாளை ஒரேயடியாக வெறுக்கவும் வேண்டாம். விமானம் இறுக்கமாகத் திரும்பும்போது இறக்கைக்கு மேல் காற்றழுத்தம் சட்டென்று குறைந்து, காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி வெண்படலமாகத் திரளும். வறண்ட நீலவானத்து நாளில் அது அநேகமாகத் தெரியாது. மழை விட்டு அரைமணி நேரம் கழித்து, மேகம் முகட்டிலிருந்து கிழிந்து விலகும்போது வரும் ஒரு விமானம், தெளிவான நாளில் வரும் பத்துக்குச் சமம். அந்த அரைமணி நேரத்தில் சரிவில் இருப்பவர் யார் என்பதுதான் கேள்வி. விரைவாக ஏறி இறங்கக்கூடிய இடத்தைத் தேர்ந்தவருக்கே அந்த வாய்ப்பு அதிகம்.

லென்ஸ் விஷயத்திலும் அதே அளவுகோலே எனக்குப் பொருந்துகிறது. விமானம் மணிக்குச் சுமார் 800 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 220 மீட்டருக்கும் மேலாக, நம்மிலிருந்து 200 மீட்டர் தொலைவில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிக அருகே வரும் கணத்தில் கேமராவை நொடிக்கு 60 பாகைக்கு மேல் திருப்ப வேண்டும். முழுச்சட்டக உணரியில் 400 மி.மீ. லென்ஸின் கிடைமட்டப் பார்வைக் கோணம் ஏறத்தாழ 5 பாகைதான். அந்தத் தொலைவில் 19.4 மீட்டர் நீளமுள்ள எஃப்-15இ சட்டகத்தைத் தாண்டி வெளியே போய்விடும், 12.4 மீட்டர் நீளமுள்ள ஹாக் சட்டகத்தின் முக்கால் பங்கை நெருங்கும். எனவே 150–600 வகைப் பெரிய லென்ஸ் இல்லாமல் போகக் கூடாது என்ற பொதுக்கருத்தை நான் ஏற்பதில்லை. 600 மி.மீ. பயன்படுவது, விமானம் தொலைவில் எதிரே வரும்போதும், எதிர்ச்சரிவை ஒட்டிப் போகும்போதும்தான். சிக்மாவின் 150–600 லென்ஸின் எடை குறைந்த வகையே இரண்டு கிலோவை நெருங்குகிறது, கனமான வகை மூன்று கிலோவை நெருங்குகிறது. கேனனின் 100–400 இரண்டாம் பதிப்போ ஒன்றரைக் கிலோவைச் சற்றுத் தாண்டுகிறது. 500 மி.மீ. எஃப் 4 லென்ஸ் மங்கிய வெளிச்சத்தில் இரு மடங்கோ அதற்கு மேலோ ஒளி தரும் என்பது உண்மை. மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள அதைத் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் மூன்று முறை ஏறி இறங்க முடியுமானால் தாராளமாக எடுத்துச் செல்லலாம்.

ஷட்டர் வேகத்தை ஜெட் விமானங்களுக்கு நொடியில் 1,000-இல் ஒரு பங்கிலிருந்து 1,600-இல் ஒரு பங்கு வரை வைத்து, ஐ.எஸ்.ஓ.-வைத் தானியங்கியாக விட்டுவிடுவது மாறும் வானத்துக்கு ஏற்றது. கனத்த மேகமூட்டத்தில் எஃப் 5.6 துவாரத்துடன் ஐ.எஸ்.ஓ. 1,600-க்கும் 3,200-க்கும் இடையில் போய் நிற்கும், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முக்காலியைக் காரிலேயே விட்டுவிடலாம். குடை காற்றில் பயன்படாது. லென்ஸுக்கு மழையுறையும், துடைக்க இரண்டு பருத்தித் துணிகளும் போதும். நனைந்து குளிர்ந்த கேமராவை வண்டிக்குள் கொண்டுவரும்போது பையை மூடியே வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து, அடுத்த விமானம் வரும்போது மங்கலான வட்டம் ஒன்றைத்தான் படமெடுக்க நேரும்.

விமானிகளின் உரையாடலைக் கேட்க வானொலி ஏற்பிகளை வைத்துக்கொண்டு உட்காருவோரை அந்தச் சரிவுகளில் காணலாம். நமக்காக அனுப்பப்படாத ஒலிபரப்பைக் கேட்பது பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி குற்றம் என்பதால், அதைத் தேர்வுப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் செயலிகள் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆனால் எல்லாப் போர் விமானங்களும் அவற்றில் தெரிவதில்லை. போர் விமானங்களுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானம் அருகே சுற்றுகிறதா என்று பார்க்கும் அளவுக்கு அவை உதவும்.

மூன்று வேலை நாட்கள் கையில் இருப்பவர் என்றால், நான் சொல்வது இதுதான்: டோல்கெத்லையில் தங்கி, காலையில் கிராஸ் ஃபாக்ஸஸ் சந்திப்பில் வண்டியை நிறுத்துங்கள். அங்கேதான் ஏ470-உம் ஏ487-உம் பிரிகின்றன. பூல்க்கும் இடுக்கின் இரு சரிவுகளும் அங்கிருந்து சில நிமிடத் தொலைவு. மேற்கே திரும்பி 893 மீட்டர் உயரமுள்ள காடைர் இட்ரிஸைப் பாருங்கள். உச்சி தெரிந்தால் கேட் வெஸ்டுக்கு ஏறலாம். உச்சி மறைந்து தோள்கள் மட்டும் தெரிந்தால் கேட் ஈஸ்ட். கிழக்கே பூல்க் வாசலும் திறந்திருந்து, காற்று அடங்கியிருந்தால், பிற்பகலை அங்கே செலவிடலாம். தோள்களும் மறைந்துவிட்டால் வண்டியிலேயே இருங்கள். இஞ்சினை அணைத்து, சன்னலைச் சற்று இறக்கி வைத்து, காலணிக் கயிற்றைக் கட்டியபடியே காத்திருங்கள்.